மட்டாஞ்சேரியில் வெந்த தைலமரம்

கொச்சிக்குப் போய் நான் முதலில் கால்வைத்த இடம் மட்டாஞ்சேரி அல்ல, வைப்பின் தீவு. எறணாகுளம் படகுத்துறையில் புறப்படத் தயாராக நின்ற படகைக் காட்டி, "மட்டாஞ்சேரிக்குப் போகுமா?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "ஆ" என்றார். மலையாளத்தில் "ஆ" என்றால் ஆமாம் என்று பொருள். அதையே உதட்டைப் பிதுக்கிச் சொன்னால் யாருக்குத் தெரியும் என்று பொருள். நான் அவர் உதட்டைப் பார்க்கவில்லை. காயலின் நடுவில் வைத்துத்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் விஷயத்தை உடைத்தார். "மட்டாஞ்சேரி அங்கே" என்று விலகிப் போய்க்கொண்டிருந்த கரையைக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்த்தால், நான் சொர்க்கத்துக்குப் போகிற படகையே தவறவிட்டவள்போல் இருந்தது.

வைப்பினில் இறங்கி ஜங்காரில் ஏறினேன். ஜங்கார் என்பது கார், பைக், மீன்கூடை, மனிதர் என்று எதையும் பாரபட்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போகும் மிதக்கும் தட்டு. அது என்னை ஃபோர்ட் கொச்சியில் கொட்டியது. அங்கிருந்து ஆட்டோ. எதற்கு வந்திருக்கிறேன் என்று டிரைவர் கேட்டார். "பேப்பர் விஷயமா" என்றேன். பத்திரிகைக்காரி என்று முடிவுகட்டிவிட்டார். மட்டாஞ்சேரி போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை மெதுவாக்கி, "இதையும் எழுதணும் சேச்சி" என்று காட்டிக்கொண்டே வந்தார். எழுதிவிட்டேன், சேட்டா.

நான் பத்திரிகைக்காரி அல்ல. ஒரு காகித ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். ஆலை இருக்கும் ஊரின் பெயர் தேவையில்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களும் அந்த ஊர் வந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு விழித்துவிடுவார்கள். கெட்டுப்போன முட்டையையும் முட்டைக்கோஸையும் சேர்த்து வேகவைத்த வாசனை. எங்களுக்கு அதுதான் சம்பள வாசனை. மரம் உள்ளே போகும், தாள் வெளியே வரும். நடுவில் அது வெந்ததா, வெளுத்ததா, கிழிகிறதா என்று பார்ப்பது என் வேலை.

அந்த வேலையை நினைவில் வைத்திருந்து ஒரு நாள் தேன்மொழி போன் செய்தாள். தேன்மொழி என் மருமகளாக வரவேண்டியவள். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபமும் பேசிவிட்ட பிறகு, ஜெர்மனியில் இருக்கும் என் மகன் அரவிந்த், "எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்மா" என்றான். டைம் வேண்டுமென்பவன் மோதிரம் போடுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். எல்லாம் நின்றுபோயிற்று. அவனுக்குப் போனது ஒரு கல்யாணம். எனக்குப் போனது, என்னோடு சேர்ந்து உறவினர்களைக் கிண்டல் செய்யத் தெரிந்த ஒரே பெண்.

இரண்டு வருடம் பேச்சே இல்லை. இப்போது எடுத்த எடுப்பில், "ஆன்ட்டி, ஒரு மரத்தைப் பேப்பராக்கணும். எனக்கு உங்களைத் தவிர யாரையும் தெரியாது" என்றாள். எந்த மரம், எதற்கு என்று கேட்பதற்கு முன்பே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அரவிந்திடம் குருவாயூர் போவதாகச் சொன்னேன். கேரளாவுக்குப் போகும் அம்மாக்களுக்கு அது ஒரு வசதி.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. சுக்கு போய் எத்தனையோ காலமாகியும் சுவர்கள் இன்னும் மூக்கைக் காரமாகத் துளைத்தன. தேன்மொழி ஓவியக் கல்லூரியில் படித்தவள். ஊர் முழுக்க நடக்கும் கலைக் கண்காட்சியில் அவளுக்கு அந்தக் கிடங்கைக் கொடுத்திருந்தார்கள். நடுவில் தைலமரக் கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தாள். திறப்பு விழா மாலையில் எல்லோர் முன்னிலையிலும் இந்த மரத்திலிருந்து ஒரு தாள் செய்து காட்டுவாள் என்று வாசலில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதி வைத்தாகிவிட்டது. விழாவுக்கு மூன்றே நாள். செய்வது எப்படி என்பதுதான் பாக்கி.

கட்டைகளுக்குப் பின்னாலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். தேன்மொழியின் அப்பா கருப்பையா. புதுக்கோட்டைப் பக்கம் அவர் தோட்டத்தில் வெட்டிய மரங்கள்தான் இவை. மரத்தோடு லாரியிலேயே வந்திருக்கிறார். இவரை நான் எதிர்பார்க்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று வாய்க்கு வாய் என்னைச் சம்பந்தி என்று அழைத்த மனிதர், இப்போது கைகூப்பி, "வாங்க மேடம்" என்றார். அந்த மேடத்தில் இருந்த ஐஸை வைத்து மீனைப் பத்து நாள் கெடாமல் காப்பாற்றலாம்.

அன்று மதியம் மூவரும் ஓட்டலில் சாப்பிட்டோம். குண்டுகுண்டாகச் சிவந்த சோறு, மீன் குழம்பு, அவியல். கருப்பையா ஒரு பருக்கையை விரலில் எடுத்துப் பார்த்தார். "இதை மென்னு முடிக்கிறதுக்குள்ள மறுபடி பசிச்சிரும்போல" என்றார். மகளிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. ஆனாலும் நான் சிரித்தேன். சாம்பார் பரிமாறியபோது கொஞ்சம் இளகி, லாரி வந்த கதையைச் சொன்னார். இங்கே சுமை இறக்குவதற்கென்று நீலச் சட்டை போட்ட சங்கத்து ஆட்கள் உண்டு. தன் மரம்தானே என்று இவர் ஒரு கட்டையைத் தோளில் தூக்கியிருக்கிறார். "அண்ணே, கீழே வையுங்கள். உங்கள் வேலை வளர்ப்பது, எங்கள் வேலை இறக்குவது" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார்களாம். "எங்க ஊர்ல எப்படா ஆள் கிடைக்கும்னு தேடுறோம். இங்க நம்மளைத் தூக்க விடமாட்டேங்கிறான்" என்றார். அது வியப்பா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தைலமரம் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். தண்ணீரை உறிஞ்சுகிறது, மண்ணைக் கெடுக்கிறது என்று ஊரே திட்டும் மரம்.

"முன்ன கடலை போட்டேன். மயில் தின்னுச்சு. மயிலு விட்டதப் பன்னி தோண்டித் தின்னுச்சு. தைலமரத்தை ஒண்ணும் தின்னாது. ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். அதான் போட்டேன்." பிறகு முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தார். "அஞ்சு வருசம், ஆறு வருசத்துல வெட்டலாம். வெட்டுனாலும் அடியிலேருந்து துளுத்துரும். நாலு வாட்டி வெட்டி ஏத்திவிட்டாச்சு. லாரி ரோட்டுல திரும்புறவரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் அது என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. என் மரம் பேப்பரா ஆனதை நான் பார்த்ததே இல்லை மேடம்."

எங்களுக்கு மரம் என்பது ட்ரேயில் எண் ஒட்டி வரும் ஒரு கைப்பிடிச் சில்லு. அந்த எண்ணுக்குப் பின்னால் வேட்டியோடு ஒருவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவியலில் இருந்த முருங்கைக்காயை ரொம்பக் கவனமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. மரம் என்பது கோடிக்கணக்கான நார்களும், அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பசையும். பசையைக் கரைத்தால் நார் பிரியும்; நாரைத் தண்ணீரில் கலக்கிச் சல்லடையில் வடித்தால் தாள். இதை நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால் கோபுரம் உயரத்தில் ஒரு இரும்புக் கொதிகலன் இருந்தது. இங்கே எனக்குப் பின்னால் ஒரு ஆடு இருந்தது.

"பாத்திரம் கவலை வேண்டாம்" என்றார் அனூப். கண்காட்சிக்காரர்களின் சார்பில் எங்களுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட இளைஞர். தலையில் கொண்டை, காலில் செருப்பில்லை. கல்யாணத்துக்குப் பிரியாணி செய்கிறவரிடமிருந்து ஒரு அண்டா வாங்கிவந்தார். அதற்குள் நான் படுத்துத் தூங்கலாம். தட்டிப் பார்த்தேன். அலுமினியம். காஸ்டிக் சோடாவை இதில் ஊற்றினால் மரம் வேகாது, அண்டாதான் வேகும் என்று சொன்னேன். அனூப் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க ஓடினார்.

ஒரு எவர்சில்வர் பானையில், கிடங்கின் பின்முற்றத்தில் சில்லுகளைப் போட்டுக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டேன். முழங்கை வரை ரப்பர் உறை, கண்ணாடி, தலையில் துண்டு என்று நான் நின்ற கோலத்தைத் தெருவில் போனவர்கள் படம் பிடித்தார்கள். அதையும் ஒரு படைப்பு என்று நினைத்திருப்பார்கள். மாலைவரை கொதித்தது. தண்ணீர், பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது. சில்லு மட்டும் போட்டபடியே கிடந்தது. கருப்பையா ஒன்றை எடுத்துக் கழுவி, ஒடித்துப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்தது.

"ஏத்தா, இது வேகாதுபோலயே" என்று மகளிடம் சொன்னார்.

வேகாது என்று எனக்கே தெரிந்திருக்கவேண்டும். ஆலையில் அழுத்தம் கொடுத்துச் சூட்டை எங்கேயோ கொண்டுபோவோம். திறந்த பானை நூறு டிகிரிக்கு மேல் ஏறாது. வேலையில் இருந்தவரை ஒரு பொத்தான் செய்த காரியத்தையெல்லாம் நானே செய்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கிடையில் பக்கத்துக் கிடங்கின் ஏலக்காய் வியாபாரி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி. கோபப்படாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "அம்மா, என் சரக்கு மூக்கை வைத்துத்தான் விற்கிறது. நாளை ஒருவன் வந்து என் ஏலக்காயை மோந்துவிட்டு, இதில் ஏன் நனைந்த நாற்காலி வாசனை வருகிறது என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?" நனைந்த நாற்காலி. என் பணிக்காலம் முழுக்க அந்த வாசனைக்கு இவ்வளவு பொருத்தமான பெயரை யாரும் வைத்ததில்லை. அடுப்பை அணைத்தோம்.

தேன்மொழி கட்டையடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். நான், பையில் வைத்திருந்ததை வெளியே எடுத்தேன். வரும்போதே ஆலையில் பழைய நண்பரிடம் கேட்டு வாங்கிவந்த கூழ்த் தகடு. வெளுத்து, உலர்த்தி, அட்டைபோல் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் பால்போல் கூழ். அதில் வடித்தால் பளிச்சென்று தாள்.

"இதுவும் தைலமரம்தான். உங்க மரத்தைக் கொஞ்சம் மேலே தூவிக்கலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். என்னைத் திட்டவில்லை. தகட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் என் பையிலேயே வைத்துவிட்டு, "சில்லு வேண்டாம். இன்னும் மெல்லிசா இருந்தா வேகுமா?" என்று கேட்டாள்.

வேகலாம் என்றேன். யூதர் தெருவில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்து, புதிய மரச்சாமான்களைப் பழசாக்கி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு தச்சரைப் பிடித்து, இரண்டு கட்டைகளை இழைப்புளியால் சீவவைத்தோம். ரிப்பன் ரிப்பனாகச் சுருள்கள் விழுந்தன. இனி வேண்டியது பெரிய அடுப்பும், மூக்கில்லாத பக்கத்து வீட்டுக்காரர்களும்.

மூன்றாம் நாள் அனூப் எங்களை ஃபோர்ட் கொச்சி போகிற வழியில் ஒரு சலவைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். நாலு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. வரிசையாகக் கல்தொட்டிகள், வெட்டவெளியில் முறுக்கிக் கட்டிய கயிறுகள். கிளிப் கிடையாது, கயிற்றின் முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்று எவ்வளவு இழுத்தாலும் வருவதில்லை. ஓரத்தில் வெள்ளாவி அடுப்பும் அதன்மேல் பெரிய எவர்சில்வர் கொப்பரையும். என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கொப்பரைக்குச் சொந்தக்காரி சரஸ்வதி சேச்சி. என் வயதுதான் இருக்கும், என் இரண்டு மடங்கு கை. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே திரும்பிக் கூவினார்: "இங்க வந்து நோக்குங்க! விறகு அடுப்புக்குள்ளதானே இடணும்? இவங்க பாத்திரத்துக்குள்ள இடுறாங்க!"

கூடமே கூடிச் சிரித்தது. ஆனாலும் கொப்பரையைக் கொடுத்தார். எந்த ஊர் என்று கருப்பையா கேட்டதற்கு, "திருநெல்வேலிப் பக்கம்னு அச்சன் பறைவாரு. நாங்க போனதே இல்ல. தமிழ் பேசுவோம், எழுத்து மலையாளம்தான் அறியும்" என்றார். பெயர்ப்பலகையும் மலையாளத்தில்தான் இருந்தது.

சுருள்கள் கொதிக்கத் தொடங்கின. அரைநாளில் ஒரு சுருளை எடுத்துக் கழுவி விரலால் தேய்த்தேன். நார் நாராகப் பிரிந்தது. கருப்பையா வாங்கிப் பார்த்தார், தேன்மொழி வாங்கிப் பார்த்தாள், சரஸ்வதி சேச்சியும் வாங்கிப் பார்த்து, "முருங்கைக்காய் சப்பினதுபோல இருக்கு" என்றார். நான் சற்றுத் தலைநிமிர்ந்து நின்ற அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அரவிந்த், வீடியோவில்.

எடுக்காமல் விட்டால் குருவாயூர் போலீஸுக்குச் சொல்லிவிடுவான். தீயைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லாமல், கூடத்தின் கோடியில் ஒரு தென்னை மரத்தை ஒட்டி நின்று, வானம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"கோயில்ல கூட்டமாம்மா?"

"பயங்கரக் கூட்டம்."

"பின்னாடி யாரோ துணி தோய்க்கிற சத்தம் கேக்குது?"

"இங்க துலாபாரம் கொடுக்கிறாங்க" என்றேன். அதற்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் யோசிப்பதற்குள் கருப்பையாவின் குரல் கூடத்தையே அதிரவைத்தது.

"மேடம்! பொங்குது! ஓடியாங்க மேடம்!"

போனில் அரவிந்தின் முகம் அப்படியே நின்றது. இணையக் கோளாறு அல்ல. "அம்மா... அது தேனு அப்பாவா?" என்று கேட்டான். நான் போனை அணைத்துவிட்டு ஓடினேன்.

கரைந்த லிக்னின் சோப்பைப்போல் நுரைக்கும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். நுரையை அடக்க ஆலையில் தனி மருந்தே வாங்குவோம். கொப்பரையிலிருந்து கறுப்பு நுரை வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த கல்தொட்டியில் குளம்போல் நின்றது. அந்தத் தொட்டியில் ஒரு ஓட்டலின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. வெள்ளையாக இருந்தன என்று சொல்லவேண்டும்.

சரஸ்வதி சேச்சி தொட்டியருகே நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "வைகிட்டு ஓட்டல்காரன் வருவான். நான் அவன்கிட்ட என்ன பறைய?" என்று கேட்டார். வைகிட்டு என்றால் சாயங்காலம். பிறகுதான் உயர்த்தினார். அதில் பாதி மலையாளம். மீதிப் பாதி, புரிந்திருக்கவேண்டாம் என்று நான் நினைத்த தமிழ்.

கறையை வெளுப்பது என் தொழில், என்னிடம் விடுங்கள் என்றேன். பிளீச்சிங் பவுடரை இவ்வளவு போடலாம் என்று காட்டினேன். "துணி கிழிஞ்சா நீங்க ஒட்டித் தருவீங்களா?" என்று அவர் என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினார். அவர் போட்டது நான் சொன்னதில் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்கு எங்கள் கைகளைப் போட்டார்.

அன்று பிற்பகல் முழுக்க நாங்கள் மூவரும் துணி அடித்தோம். நான் ஒரு கல், கருப்பையா ஒரு கல், தேன்மொழி ஒரு கல். என் வீச்சைப் பார்த்துக் கூடத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ரசித்தார்கள். "சேச்சி துணிய அடிக்கல, துணிக்கு விசிறுறாங்க" என்று ஒருத்தி சொன்னாள். கருப்பையா நன்றாக அடித்தார். நாலைந்து அடிக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைக் கவனித்தேன். அவர் யாரை நினைத்து அடிக்கிறார் என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது. தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் அதே ஆளை நினைத்து அடித்தேன்; வீச்சு உடனே சரியாகிவிட்டது.

வெயில் சாய்வதற்குள் விரிப்புகள் கயிற்றில் ஆடின. ஒன்றைத் தவிர எல்லாம் வெளுத்துவிட்டன. அந்த ஒன்று மட்டும் பாயசம் சிந்தியதுபோல் இருந்தது. சரஸ்வதி சேச்சி அதைச் சுருட்டி என்மேல் எறிந்தார். "இது உங்களுக்கு. ஓட்டல்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்." பிறகு எல்லோருக்கும் சாயாவும் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் வந்தன. வேகவைத்த கப்பையைக் காந்தாரி மிளகாய்ச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டே, இது மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வெந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், திறப்பு விழா. சுருள்களைச் சவக்காரப் பிசுக்குப் போகும்வரை கழுவி, சரஸ்வதி சேச்சி ஒதுக்கிப்போட்டிருந்த பழைய கிரைண்டரில் அரைத்தோம். திருப்பித் தரவே கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில், கேழ்வரகுக் கூழ்போல் சுற்றியது.

தேன்மொழி உடை மாற்றப் போயிருந்தபோது கருப்பையா என் அருகில் வந்தார். "மேடம், அன்னைக்குக் காட்டுனீங்களே, வெள்ளையா ஒரு தகடு. அதைக் கொஞ்சம் ஊறவச்சிருவமா?"

"அவ வேண்டாம்னு சொன்னாளே."

"அவ சொல்லுவா. அத்தனை பேரு முன்னாடி பிள்ளை தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுல்ல. ஏற்கெனவே ஒருவாட்டி நின்னுச்சு" என்றார்.

தகட்டை வாளியில் ஊறவைத்து, மேசைக்கு அடியில் தள்ளினோம். நிமிர்ந்தால் தேன்மொழி வாசலில் நிற்கிறாள்.

"அப்பா, உங்க மரம் பேப்பராகுறதைப் பாக்கணும்னு சொன்னது யாரு? வேற யாரோட மரமோ பேப்பரா ஆனதைப் பாக்குறதுக்கு ஸ்டேஷனரி கடைக்குப் போனாப் போதாதா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "வந்தா வரட்டும். வராட்டி, வரலன்னு அவங்ககிட்டச் சொல்லுவேன்."

கருப்பையா தரையைப் பார்த்தார். நான் கிரைண்டரைப் பார்த்தேன். வாளி மட்டும் மேசைக்கு அடியிலேயே இருந்தது.

மாலையில் கிடங்கு நிரம்பிவிட்டது. கதராடைகள், கேமராக்கள், வெள்ளைக்காரர்கள், ஓரமாக ஏலக்காய் வியாபாரி. தேன்மொழி தொட்டியில் கூழைக் கலக்கி, சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்தாள். தண்ணீர் வடிந்து பழுப்பாக ஒரு படலம் நின்றது. கறைபடிந்த விரிப்பைத்தான் மேசையில் விரித்திருந்தோம். சட்டத்தை அதன்மேல் கவிழ்த்து எடுத்தாள். படலம் நாலாகப் பிய்ந்து விழுந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. யாரோ இருமினார்கள்.

கருப்பையா குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து வாளியை எடுத்தார். அவர் வாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். பின்முற்றத்துச் சாக்கடையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெறும் வாளியோடு திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றார்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஆலையில் மெல்லிய தாள்தான் எங்கள் பெருமை. அந்தப் பழக்கத்தில் தேன்மொழிக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் மெல்லிசாக வடிக்கத்தான். அரைகுறையாக வெந்த இந்த நாருக்கு அவ்வளவு பிடிப்பு ஏது? "தேனு!" என்று, கூட்டத்தையும் மறந்து கத்தினேன். "தோசை வேண்டாம்! ஊத்தப்பம் ஊத்து!"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தேன்மொழி சிரிக்கவில்லை. இரண்டு சொம்பு கூழை அள்ளிச் சட்டத்திலேயே ஊற்றி, ஆட்டிப் பரப்பி, வடியவிட்டுக் கவிழ்த்தாள். தட்டினாள். சட்டம் தனியே வந்தது. விரிப்பின்மேல் முழுசாக ஒரு தாள் கிடந்தது.

ஈரத் தாள் காய மறுநாள் ஆகும். ஆனால் சரஸ்வதி சேச்சி பட்டுப்புடவையும் தேப்புப் பெட்டியுமாக வந்திருந்தார். அவர் இஸ்திரிப் பெட்டிக்குச் சொல்லும் பெயர் அது. தாளை விரிப்புக்குள் மடித்து, "மாறுங்க, மாறுங்க" என்று பிரமுகர்களை ஒதுக்கிவிட்டு, ஒரு சட்டையைத் தேய்ப்பதுபோல் தேய்த்தார். ஆவி பறந்தது. துணியை விலக்கினால், பழுப்பாக, முரடாக, ஒரு ஓரம் வளைந்து, நடுவில் வேகாத நார்த் துணுக்குகளோடு தாள். எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கூட்டம் கைதட்டியது. தேன்மொழி அதைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். கருப்பையா அருகில் போனார். முன்னால் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், மூக்கை வைத்து மோந்தார். பிறகு யாரையும் கேட்காமல் கிளிப்பிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து அனூப் பதறிக்கொண்டு வந்தார். "ஷீட் எங்கே? மெயின் வொர்க் அதுதானே!" தேன்மொழி அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள். "அதுதான் வொர்க். முடிஞ்சிருச்சு" என்றாள். வெறும் கிளிப்பை ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை தேன்மொழி கிடங்கு வாசல்வரை வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "குருவாயூர்ல நல்லாச் சாமி கும்பிட்டீங்களா ஆன்ட்டி?" என்று காதில் கேட்டாள். என் பொய்யைத் தென்னை மரம் வரை வந்து கேட்டிருக்கிறாள். "அவன்கிட்டச் சொல்லிருங்க. கோபமெல்லாம் போயிருச்சு. இப்ப டைம் வேணும்னா எனக்குத்தான் வேணும். கண்காட்சி முடியிறவரைக்கும் தினம் ஒரு பேப்பர் ஊத்தணும்."

கருப்பையாவும் ஊருக்குக் கிளம்பியிருந்தார். ரயில் நிலையம்வரை ஒரே வழி. இந்த முறை படகைப் பற்றி மூன்று பேரிடம், உதட்டைப் பார்த்தே கேட்டேன். படகு வர நேரமிருந்தது. துறையருகே சாயாக் கடையில் உட்கார்ந்தோம். சுடச்சுடப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தட்டை எடுப்பதற்குள் கருப்பையா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்து, பழம்பொரியை அதன்மேல் வாங்கினார்.

"ஐயோ, அது கலைப்படைப்பு" என்றேன்.

"இருக்கட்டும். பேப்பர்தானான்னு பாத்துருவோம்."

எண்ணெய் வட்டமாகப் பரவியது. அவர் தாளைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார், என்னிடமும் காட்டினார். அடியில் ஒரு சொட்டு இல்லை. பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ தாள்களில் எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறேன், எதையும் தின்றதில்லை. இருவரும் ஆளுக்கொன்றை முடித்தோம். சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, காயலைப் பார்த்தபடியே கருப்பையா கேட்டார்.

"தம்பிக்கு அங்க சாப்பாட்டுக்கெல்லாம் எப்படி?"

இத்தனை நாளில் அவர் அவனைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவனே சமைச்சுக்கிறான்" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஒரு சாம்பார் வைப்பான். வியாழக்கிழமை வரைக்கும் அதேதான்."

கருப்பையா கொஞ்சம் யோசித்தார். "ஊசிப் போகாது?"

"குளிர் ஊரு."

"அப்பச் சரி" என்றார். தாளில் மிச்சமிருந்த கடைசிப் பழம்பொரியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என் பக்கம் நகர்த்தினார்.